இம்மாகுலேற் எழுதிய பன்னிரண்டு சீட்டுகள்

இலண்டனின் தென்புறத்தில் மிச்சம் என்றோர் ஊர் உண்டு. "எல்லாரும் வீடு வாங்கி முடிய மிஞ்சினதுதான் எங்களுக்கு" என்று செபமாலைமுத்து வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவருடைய மனைவி இம்மாகுலேற், அவ்வூருக்கும் சட்டனுக்கும் இடைப்பட்ட ஒரு விளையாட்டு மைதானத்தில், ஊராட்சிக் கவுன்சிலுக்குச் சொந்தமான பவிலியன் என்னும் மரக் கட்டடத்தின் தேநீர்க்கூடத்தில் வேலை பார்த்தார். 1985ஆம் ஆண்டு குருநகரிலிருந்து வந்தவர் அவர். கொதிகலனுக்கு எதிரே இருந்த அகன்ற சாளரம், வந்த நாள் முதல் அவருக்கு இங்கிலாந்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஈஸ்ட் ஹாமிலிருந்து வெளிவந்த தமிழ் மாத இதழொன்றின் மணமக்கள் பகுதிக்கு அவரே ஆங்கில வரிகளை எழுதிக் கொடுத்தார். கனடாவிலும் மலேசியாவிலும் உள்ள உறவினர் படிக்க வேண்டும் என்பதற்காகப் பெற்றோர் ஆங்கிலத்தையே விரும்பினர். பிள்ளையின் படிப்பு, வயது, உயரம் ஆகிய மூன்றும் ஆளுக்கு ஆள் மாறும். மாறாமல் வரும் ஒரே சொல் 'ஃபெயர்'. வெள்ளைநிறம் என்பதற்கு அந்த நான்கு ஆங்கில எழுத்துப் போதுமாயிருந்தது. இம்மாகுலேற் நல்ல கறுப்பு. ஊரில் அவருக்கு வரன் தேடிய காலத்தில் அவருடைய தகப்பனார் 'பொதுநிறம்' என்று எழுதினார். கறுப்பைக் கறுப்பென்று சொல்லக் கூசியவர்கள் கண்டுபிடித்த சொல் அது. அந்தச் சொல்லோடு அவர் முப்பத்தைந்து வயதுவரை காத்திருந்தார்.

1991ஆம் ஆண்டுக் கோடையில் அவுஸ்திரேலியர்கள் அந்த மைதானத்துக்கு வந்தார்கள். கட்டட வேலை செய்பவர்களும் மதுச்சாலைகளில் பரிமாறுபவர்களுமாக முப்பது பேர் சேர்ந்து, தங்கள் நாட்டுக் காற்பந்தாட்டத்துக்கு ஒரு கழகம் அமைத்திருந்தார்கள். மைதானத்தின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்களை நட்டார்கள். நடுவில் நின்ற நெடுங்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்து சென்றால் ஆறு புள்ளி. பக்கத்துக் குட்டைக் கம்பத்தின் பக்கம் சென்றால் ஒரே புள்ளி. "இலக்குத் தவறினவனுக்கும் ஒரு புள்ளி குடுக்கிற விளையாட்டை இப்பதான் பாக்கிறன்" என்று இம்மாகுலேற் கணவரிடம் வியந்தார்.

அணித்தலைவன் பேரி தேநீர்க்கூடத்துச் சுவரில் தன் கையாலேயே ஒரு படவரிசை ஒட்டினான். அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீரர்கள் அவர்கள். பிரௌன்லோ என்னும் பதக்கத்தை மும்முறை பெற்ற நால்வர் மேல்வரிசையில் இருந்தனர்: ஹேடன் பன்ரன், டிக் ரெனோல்ட்ஸ், பொப் ஸ்கில்ரன், இயன் ஸ்ருவேட். கீழே தனியாக ஒரு படம். கறுத்த, உயர்ந்த மனிதர் ஒருவர் பந்தைப் பற்றியபடி நின்றார். கிரயம் ஃபாமர் என்பது அவர் பெயர். அந்நாட்டின் பூர்வகுடியைச் சேர்ந்தவர். உயர எழும்பிப் பந்தைக் கைப்பற்றுவதிலும், மூடிய கையால் தட்டித் தோழனிடம் சேர்ப்பதிலும் அவரைப் போல் ஒருவர் இல்லை என்று பேரியே சொன்னான்.

"அப்படியானால் இவருக்கு எத்தனை முறை கிடைத்தது?" என்று இம்மாகுலேற் ஆங்கிலத்தில் கேட்டார்.

"பிரௌன்லோவா? ஒரு முறைகூட இல்லை" என்று பேரி சொன்னான். கொதிகலன் சீறியதால் பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

இரண்டு நாள் கழித்து அவன் ஒரு கட்டுச் சீட்டுகளோடு வந்தான். கழகத்துக்கும் ஒரு பதக்கம் உண்டாம். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் தங்கள் அணியின் சிறந்த மூவரைத் தேர்ந்து, முதல்வனுக்கு மூன்று, அடுத்தவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று என்று வாக்கிட வேண்டுமாம். "எங்களில் எவன் எழுதினாலும் சண்டை வரும், மிசிஸ் முத்து. உங்களுக்குத்தான் நண்பனும் இல்லை, பகைவனும் இல்லை. சாளரமும் இருக்கிறது" என்றான். சீட்டின் தலைப்பில் அந்தப் பதக்கத்தின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது: ஃபெயறெஸ்ற் அண்ட் பெஸ்ற்.

அன்று வீட்டுக்கு வந்தவரைப் பார்த்துச் செபமாலைமுத்து, "என்னப்பா, முகம் தொங்கிப்போய்க் கிடக்கு?" என்றார்.

"அவையள் தாற பதக்கத்தின்ரை பேரைக் கேட்டியளே? ஃபெயறெஸ்ற் அண்ட் பெஸ்ற். நல்லா விளையாடினால் மட்டும் காணாதாம். வெள்ளையாயும் இருக்கவேணுமாம்."

"உப்பிடி வெளிப்படையா எழுதுவாங்களே?"

"சுவரிலை படமே ஒட்டி வைச்சிருக்கிறாங்கள். வாங்கின நாலு பேரும் வெள்ளை. எல்லாரையும் விடத் திறமான கறுவலுக்கு ஒண்டுமில்லை."

"அப்ப உம்மடை கலியாண விளம்பரம் அவுஸ்திரேலியா வரைக்கும் போயிட்டுது எண்டு சொல்லும்."

"பகிடி விடாதேங்கோ. எனக்கு மனம் பதறுது."

"பதறினால், எழுத ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வாரும்."

"கவுன்சில் வேலையப்பா. அவையள் ஒரு முறைப்பாடு குடுத்தால் ஆர் எனக்காகக் கதைக்கிறது?"

செபமாலைமுத்து சற்று யோசித்தார். "அப்ப எழுதும். சட்டம் அவங்கடை. பேனைதான் உம்மடை."

அந்த அணியில் ரெஜி என்றோர் இளைஞன் இருந்தான். மேற்கு அவுஸ்திரேலியாவின் பூர்வகுடிப் பிள்ளை. இலண்டன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை செய்தான். மற்றவர்கள் 'மிசிஸ் முத்து' என்றழைக்க, அவன் மட்டும் முதல் நாளிலிருந்தே 'அன்ரி' என்றான். வயதில் மூத்த பெண்ணை அப்படித்தான் அழைப்பது தங்கள் வழக்கம் என்றும் சொன்னான். ஆட்டம் முடிந்ததும் உள்ளே வந்து, கேளாமலே கோப்பைகளைத் துடைத்து அடுக்குவான். "அப்பா தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்கிறார், அன்ரி. எத்தனை வாக்கு வந்திருக்கும் என்று. பதக்கத்தோடு வா, இல்லையென்றால் விமானத்தில் ஏறாதே என்கிறார்" என்று சிரிப்பான். அந்தத் தகப்பனார் ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தார்.

சாளரத்தின் வழியே பார்த்த இம்மாகுலேற்றுக்கு, களத்தில் அவனுக்கு நிகராக ஒருவனும் தென்படவில்லை. கூட்டத்துக்கு மேலே அவன் எழும்பும்போது, கையிலிருந்த தேநீர்க் கெண்டியைச் சாய்க்க மறந்து நிற்பார். பிறகு சீட்டை எடுத்து, மூன்று என்னும் எண்ணுக்கு நேரே கிரெய்க் என்று எழுதுவார். கிரெய்க் பொன்னிற முடியும் பால்நிறமும் உடையவன், நன்றாகவும் ஆடுவான். மற்றைய இரு வரிகளுக்கும் வேறு இரு வெள்ளையர் கிடைத்தனர். சீட்டை உறையிலிட்டு ஒட்டிப் பிஸ்கற் தகரத்துக்குள் போட்டுவிட்டு, ரெஜியின் தட்டில் மட்டும் இரண்டு துண்டு கேக் வைப்பார். பன்னிரண்டு ஆட்டங்களும் இவ்வாறே கழிந்தன.

பன்னிரண்டாம் ஆட்டம் முடிந்ததும் பேரி ஐஸ்கட்டி கேட்டு உள்ளே வந்தான்.

"கிரெய்க் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான், மிசிஸ் முத்து. எதிரணிக்காரன் ஒருவனின் தாடையில் குத்திவிட்டான். நடுவர் பெயரை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். இனிப் பதக்கம் அவனுக்கு இல்லை."

"ஏன்? எல்லா ஆட்டமும் ஆடியிருக்கிறானே."

"ஆடத் தடை விழப்போகிறவன் எப்படி ஃபெயர் ஆவான்?"

"குத்தினால் நிறம் மாறிவிடுமா?" என்று கேட்டார் இம்மாகுலேற்.

பேரி ஐஸ்கட்டிப் பையோடு நின்றான். "நிறமா? எந்த நிறம்?"

இம்மாகுலேற் சுவரைக் காட்டினார். ஃபாமரின் படத்தைக் காட்டினார். பேரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது அவனுடைய முகமே சிவந்தது. "நேர்மையாக ஆடுபவன் என்றுதான் அதற்குப் பொருள். கள்ளத்தனம் செய்யாதவன், அடிக்காதவன். ஃபாமர்கூடக் கிழக்கே ஆடப் போகுமுன் தம் மேற்கு மாநிலத்தில் வேறொரு பதக்கம் வாங்கியவர். அதற்கும் இதே பெயர்தான்."

'ஃபெயர்' என்னும் சொல்லுக்கு நேர்மை என்றும் பொருளுண்டு என்பதை இம்மாகுலேற் அறியாதவர் அல்லர். பள்ளியிலேயே படித்திருந்தார். ஆனால் சீட்டைக் கண்ட அன்று அந்தப் பொருள் அவர் நினைவுக்கு வரவேயில்லை. அநியாயத்தையே எதிர்பார்த்துப் பழகியவர், நியாயம் என்ற சொல்லையும் அநியாயமாகவே படித்துவிட்டார்.

"சீட்டுகளை மாற்றி எழுதித் தரலாமா?" என்று கேட்டார்.

"முடியாது" என்றான் பேரி மெதுவாக. "ஒட்டிய உறையைப் பிரித்தால் அந்தப் பதக்கத்துக்கு மதிப்பில்லை. ரெஜியே அதை வாங்கமாட்டான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பவிலியனில் கழகத்தின் விருந்து. அதற்கு முந்திய நாள் இம்மாகுலேற் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். ஒரு சொல்லைத் தவறாக விளங்கிக்கொண்டு ஒருவனுக்குத் தீங்கு செய்துவிட்டதாகச் சொன்னார். அறியாமல் செய்த பிழை பாவமாகாது என்று குருவானவர் தேற்றினார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தத் தேறுதல் செருப்புக்குள் அகப்பட்ட கல்லைப் போல் உறுத்தியது.

"பேசாமல் இரும்" என்றார் செபமாலைமுத்து. "வாக்கு எழுதினது நீர் எண்டு பேரிக்கு மட்டுந்தானே தெரியும். அந்தப் பிள்ளை வியாழக்கிழமை ஊருக்குப் போகுது. சொன்னால் அதுக்குத்தான் கூட நோகும்."

"சொல்லாட்டில் தான் விளையாடினது காணாதெண்டு நினைச்சுக்கொண்டு போவான். தகப்பனுக்கும் அதைத்தான் சொல்லுவான்."

"சனத்துக்கு முன்னாலை சிரிப்பாங்கள், இம்மாகுலேற்."

"சிரிக்கட்டும்."

விருந்தில் பேரி பிஸ்கற் தகரத்தைத் திறக்கப்போன வேளையில் இம்மாகுலேற் எழுந்தார். வேலை மேலங்கியைக் கழற்றாமலே, கைகளைத் துடைத்துக்கொண்டு, வாக்குகளை எழுதியவர் தாமே என்பதையும், அந்தச் சொல்லுக்குத் தாம் என்ன பொருள் கொண்டார் என்பதையும் சொன்னார். முதலில் இருவர் சிரித்தனர். கிரெய்க் தன் பொன்முடியைத் தடவிக்காட்டினான். பிறகு யாரோ ஒருவன் ரெஜியைப் பார்த்தான். கிரெய்க் முடியிலிருந்து கையை எடுத்துவிட்டான். பேரி உறைகளைப் பிரித்து வாசித்தான். பன்னிரண்டு சீட்டுகளிலும் ரெஜியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. கிரெய்க்குக்கு அடுத்து நின்ற ஒருவனுக்குப் பதக்கம் போயிற்று. அவன் அதைக் கழுத்தில் அணியாமல் சட்டைப் பைக்குள் வைத்தான். அதற்குள் ரெஜி வெளியே போயிருந்தான்.

திங்கட்கிழமை அவன் தேநீர்க்கூடத்துக்கு வந்தான். வழக்கம்போல் துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்கத் தொடங்கினான். நான்கைந்து கோப்பைகளுக்குப் பிறகுதான் பேசினான்.

"அன்ரி, அதுதான் விதிமுறை என்று உண்மையாகவே நம்பினீர்களா?"

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் இம்மாகுலேற். அவனுக்கு அது விளங்கிற்று.

"நம்பியும் எழுதினீர்களா?"

குருவானவரிடம் சொல்லாமல் விட்டது அதுவே. சொல்லைப் பிழையாகப் படித்தது அறியாமை. பிழையாகப் படித்த அந்த அநியாயத்துக்குப் பன்னிரண்டு முறை தலைவணங்கியது அறியாமையன்று.

"எழுதினேன்" என்றார். "அநியாயம் என்று தெரிந்தே எழுதினேன். வேலை போய்விடும் என்று பயம்."

ரெஜி துடைத்த கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "என் அப்பாவும் ஆடியவர்தான். ஆட்டத்தில் வென்றாலும், அந்த ஊர்ப் பவிலியனுக்குள் எங்கள் ஆட்களை விடமாட்டார்கள். வாசலில் நின்றுதான் தேநீர் குடிப்பாராம். தேநீர் ஊற்றிய பெண் நல்லவளாம். அவருக்கு மட்டும் இரண்டு துண்டு கேக் கொடுப்பாளாம்."

இம்மாகுலேற் குழாயைத் திறந்தபடி நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. ரெஜி கையை நீட்டி அதை மூடினான்.

"எத்தனை ஆட்டத்தில் நான் முதலாவது?"

"ஏழில். இன்னும் மூன்றில் இரண்டாவது."

"எழுதித் தாருங்கள்."

மிஞ்சியிருந்த சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுத்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு 'ஃபெயர்' என்று எழுதிய அதே பேனையைத் திறந்தார். ஆட்டங்களின் திகதிகளை வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றிலும் தாம் கண்டதை ஒரு வரியில் எழுதினார். 'பன்னிரண்டு ஆட்டங்களையும் சாளரத்திலிருந்து பார்த்தவளும், அவற்றைப் பொய்யாக எழுதியவளும் நானே' என்று முடித்து, முழுப்பெயரையும் இட்டார். ரெஜி இரண்டு முறை படித்தான். மன்னித்தேன் என்றோ மறந்துவிட்டேன் என்றோ அவன் சொல்லவில்லை. சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையிலிட்டு, மீதமிருந்த கோப்பைகளையும் துடைத்துவிட்டே போனான்.

இரண்டு ஆண்டுகள் அவனிடமிருந்து செய்தி இல்லை. 1993ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பவிலியன் முகவரிக்கு ஓர் உறை வந்தது. உள்ளே பத்திரிகைத் துண்டு ஒன்று. எசன்டன் அணியின் கவின் வங்கனீன் என்னும் இளைஞர் பிரௌன்லோ பதக்கம் பெற்றிருந்தார். பூர்வகுடியினரில் அதைப் பெற்ற முதல்வர் அவரே. ஓரத்தில் ரெஜியின் கையெழுத்து: 'அன்ரி, உங்கள் சீட்டை அப்பாவின் சவப்பெட்டிக்குள் அவர் கைக்கருகே வைத்தோம்.' அவ்வளவுதான். இம்மாகுலேற் அந்தத் துண்டை ஃபாமரின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். உறையைத் தம் செபப்புத்தகத்துக்குள் வைத்தார்.

அன்று மாலை ஹவுன்ஸ்லோவிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் அழைத்தார். கலாவதி என்பது அவர் பெயர். மகளுக்கு வரன் தேடினார்.

"எழுதிறியளே அக்கா? வயது இருபத்தாறு. கணக்காளர் சோதினை பாஸ். பிள்ளை நல்ல வெள்ளை. அதை முதல் வரியிலையே போடுங்கோ."

"அந்தச் சொல்லை நான் இப்ப எழுதிறேல்லைத் தங்கச்சி."

"ஏன் அக்கா, எல்லாரும் போடுறவைதானே?"

"பிள்ளை நேர்மையான பிள்ளையோ?"

"இதென்ன கேள்வி? என்ரை பிள்ளை ஒரு பொய் சொல்லாது."

"அப்ப அந்தச் சொல்லை எழுதிறன்" என்றார் இம்மாகுலேற், பேனையைத் திறந்தபடி. "ஆனால் என்ன கருத்திலை எழுதினனெண்டு கேக்கிற ஆக்களுக்கு நீங்கள் சொல்லவேணும்."