பொண்ணு குடுக்கலாமா?

எனக்கும் என் சகலைக்கும் எதிலும் போட்டிதான். என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டு கனடாவில் இருக்கிறார். அவர் கார் வாங்கினால் நான் பழைய பைக்குக்குப் புது சீட் கவராவது போட்டுவிடுவேன். ரெண்டு வீட்டிலும் பிள்ளை இல்லை. அதனால் தத்தெடுக்கப் பதிந்ததும் சேர்ந்தாற்போலத்தான்.

"அண்ணே, இங்க எங்களுக்குக் கிளாஸ் நடக்குது. புள்ள அழுதா என்ன செய்யணும்னு பாடம்."

"இங்க பாடமெல்லாம் இல்ல மாப்ள. நேரா பரீட்சைதான்."

குழந்தை முடிவான பிறகும் அவருக்கு ரெண்டு தேசத்து அனுமதி, பாஸ்போர்ட், விசா என்று பாக்கி இருக்கும். "எனக்கு பஸ் டிக்கெட் போதும்" என்று பீற்றிக்கொண்டேன். தத்து கொடுக்குமுன் வீட்டைப் பார்க்க அதிகாரி அம்மா வரும் நாள் தெரிந்ததும் பீற்றல் அடங்கிவிட்டது. கூர்மையான சாமானெல்லாம் ஆபத்து என்று அரிவாள்மணையைப் பரணில் ஏற்றினேன். "வெங்காயத்த உங்க நாக்கால நறுக்கவா?" என்றாள் மனைவி.

தெருவில் யாரிடமும் நாங்கள் மூச்சு விடவில்லை. கிடைக்காமல் போனால் அம்புட்டு பேருக்கும் யார் பதில் சொல்வது?

அதிகாரி வந்தார், எல்லாம் கேட்டார், காபி குடித்தார், கிளம்பினார். அப்பாடா என்று நான் உட்காரப் போனபோது பக்கத்து வீட்டு வாசலில் அவர் குரல்.

"இவங்களுக்கு ஒரு பொண்ணு குடுக்கலாம்னு இருக்கோம். ஆளு எப்படிங்க?"

திண்டுக்கல்லில் வெளியூர் அம்மா ஒருத்தர் இப்படிக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டு அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

"அடியாத்தி! பொண்டாட்டி குத்துக்கல்லாட்டம் உள்ள இருக்கா, இந்தாளுக்கு இன்னொண்ணு கேக்குதா? குடுத்துராதீங்கம்மா!"

போச்சு. செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். "அக்கா, கல்யாணத்துக்கு இல்லக்கா! மகளுக்கு!"

"உனக்கு ஏதுப்பா மக?"

"அதுக்குத்தாங்க்கா கேக்குறேன்."

அக்கா ஒன்றும் விளங்காமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதிகாரி அம்மா ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். சிரித்தாரா, எங்கள் பேரை அடித்துவிட்டாரா என்று தெரியாமலே பல மாதம் எனக்குச் சோற்றுக்குத் தொட்ட வெஞ்சனம் உப்பா புளிப்பா என்று விளங்கவில்லை.

சகலையிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு அந்தக் கவலை இல்லண்ணே. பக்கத்து வீட்டுக்காரன் பேரே தெரியாது." சிரிப்பு அடங்கியதும், "எனக்காக இப்படிச் சண்டை போட இங்க ஆளில்லண்ணே" என்றார். அக்கா எனக்காகவா போட்டார்? என்னை எதிர்த்தல்லவா!

ஒருவழியாக அனுமதி கிடைத்தது. மகளுக்கு இப்போது ஐந்து வயது. போன மாதம்தான் ரயிலில் கூட்டிவந்தோம். திண்டுக்கல்லுக்கு முந்தின கொடைரோடு ஸ்டேஷன் வரை வாயே திறக்காதவள், அங்கே இறங்கியே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். சகலையின் மகள் இன்னும் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருக்கிறாள். முதன்முறையாக, அவர் சீக்கிரம் ஜெயிக்கட்டும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வந்து சேர்ந்ததும் அக்கா கிண்ணம் நிறையப் பணியாரத்தோடு வந்தார். மகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதுக்குத்தானா அன்னிக்கு விசாரிச்சாக? முன்னமே ஒரு வார்த்த சொல்லிருந்தா, நல்லவன்னு பொய் சொல்லிருப்பேன்லப்பா!"