பையில போடாத ரோபோ

இத எழுதாமலே விட்டிருப்பேன். பேனாவ எடுத்தா எனக்குக் காது குடையத்தான் தோணும், ஓலெவல் பரீட்சையில கணக்குல கோட்ட விட்ட ஆளு. ஆனா எங்க தேயிலத் தோட்டத்துல ஆளாளுக்கு, நான் ஆமிக்காரன் காலுல விழுந்து அந்த ரோபோவ வாங்கிட்டு வந்ததா கத கட்டுறாங்க. விழுந்தது நான் இல்ல, ரோபோதான்.

யுத்தம் உச்சத்துல இருந்த நேரம். கண்டியில ஒரு போன் ரிப்பேர் கடையில எனக்கு வேல. கடை என் கூட்டாளியோட மாமாவுது. கூட்டாளி அக்குறணைக்காரன், முஸ்லிம், ஏலெவல் பரீட்சையும் பாஸ். ரிமோட்டுல பறக்கிற விளையாட்டு பிளேன் நாலஞ்சு ஒடைஞ்சு கடைக்கு வந்துச்சு. அதுக்குள்ள குட்டி மோட்டருங்க. சேர்வோன்னு பேரு, எவ்வளவு திரும்பச் சொல்றோமோ அவ்வளவு திரும்பி நிக்கும். பாத்ததும் எனக்குத் தோணினது இடுப்பு, முட்டி, கணுக்கால். ரெண்டு காலுல நடக்கிற ஒருத்தன செஞ்சா என்ன?

கணக்கெல்லாம் அவன் பாத்து சிப்புல ஏத்தினான். காலு என் வேல. ஜன்னல் செய்யிற எடத்துல வெட்டிப்போட்ட அலுமினியத்துல தொடையும் கெண்டையும், தேஞ்ச செருப்ப அறுத்துப் பாதம். வயித்த மூட, செவப்பு பெயின்ட் அடிச்சு ஒரு தகர மூடியும் செஞ்சு தந்தான் கூட்டாளி. நான் அதக் கழட்டிட்டு, உள்ள தெரியிற பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிய மாட்டினேன்.

"குடலெல்லாம் தெரியுதேடா, அசிங்கம்."

"தெரியட்டும். மறைச்சாத்தானே சந்தேகம்."

லீவு நாள்ல மடுல்கலையில எங்க லயத்து வீட்டுத் தரையில விட்டு, கணுக்கால் திருகாணிய முறுக்கி முறுக்கி அவன நிமித்தினேன். கடைசியில நடந்தான். டக்கு டக்குன்னு வாசல் வரைக்கும் மாப்ள மாதிரி நடந்தான். லயத்துல ஒட்டி ஒட்டி இருக்கிற பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து பாத்துச்சு. அம்மா மட்டும் பாக்கல.

"ஒயரும் பேட்டரியுமா தூக்கிட்டுத் திரியிறியே, குண்டுன்னு ஆமி புடிச்சிட்டுப் போனா எந்தக் கேம்புல வந்து ஒன்னயத் தேடுறது? ஆத்துல போட்டுரு."

"அவனுக்கு நீச்சல் இன்னும் சொல்லிக் குடுக்கலம்மா."

அம்மா சிரிக்கல. புடிச்சிட்டுப் போன பயலுக எங்க லயத்துலயும் இருந்தாங்க. அதுக்காக நான் விளையாடவும் கூடாதா? எவனோ பயப்படுறான்னு என் கையில இருக்கிறத நான் ஏன் ஒளிக்கணும்?

திங்கக்கிழமை பஸ்ஸுல அவன மடியில வச்சுக்கிட்டு, கண்டக்டர்கிட்ட அரை டிக்கட் கேட்டேன். "நடக்கிற வயசு வந்துருச்சுண்ணே." அவரு என் தலையில ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு.

கண்டி கிட்ட செக்பொயின்ட். எல்லாரும் எறங்கி ஐடென்டி கார்டோட வரிசையில நின்னோம். என் முறை வந்துச்சு. ஆமிக்காரன் ஐடென்டிய வாங்கிப் பேரப் பாத்தான், ரோபோவப் பாத்தான், என்னயப் பாத்தான். சிங்களத்துல கேட்டான், "இது என்ன?"

"ரோபோ சேர். நடக்கும்."

"நடக்க வை."

மேசையில வச்சு சுவிட்சத் தட்டினேன். ஒரு காலத் தூக்கினான், மல்லாக்க விழுந்தான். திருப்பி வச்சேன், திருப்பி விழுந்தான். எனக்கு வேர்த்துருச்சு. வீட்டுல நடந்த பயலுக்கு இங்க என்ன வந்துச்சு?

"நடக்காதே இது. கழட்டு. இல்லாட்டி இங்க வச்சிட்டுப் போ."

"உள்ள இருக்கிறதெல்லாம் வெளியிலதான் சேர் தெரியுது," என்னோட ஒடஞ்ச சிங்களத்துல சொன்னேன். "கழட்டவும் மாட்டேன், விட்டுட்டுப் போகவும் மாட்டேன்."

பஸ்ஸுக்குப் பக்கத்துலேருந்து ஒரு அக்கா கத்துனாங்க, "தம்பி, குடுத்துட்டு வாங்களேன்!"

ஆனா என் பய நடக்கமாட்டான்னு ஆமிக்காரன் சொன்னதுதான் எனக்குத் தாங்கல. தூக்கிட்டுப் போயி ரோட்டுல வச்சேன். ரோடு அந்த எடத்துல எறக்கம். சுவிட்சத் தட்டினதும் டக்கு டக்குன்னு பூட்ஸ் காலுங்களத் தாண்டி பஸ்ஸப் பாத்து நடந்துட்டான்.

அப்பதான் மண்டையில ஏறுச்சு. கழுவுற தண்ணி வெளியில ஓடணும்னு எங்க வீட்டுத் தரையச் சரிவாத்தான் போட்டிருக்கு. பொறந்ததுலேருந்து நான் அதுலயே நடந்தவன், எனக்கு அதுதான் மட்டம். அந்தச் சரிவுக்குத்தான் அவன் கணுக்கால முறுக்கி வச்சிருக்கேன், மட்டமான மேசையில எப்பிடி நிப்பான்?

ஆமிக்காரன் சிரிச்சிட்டான். ஐடென்டியக் குடுக்கிறப்ப மட்டும் மூஞ்சிய மாத்திக்கிட்டு, இன்னொரு தடவ இத இந்த ரோட்டுல கண்டா ஒன்னயும் சேத்து வச்சுக்குவேன்னான்.

கடைக்குப் போயி எல்லாத்தையும் சொன்னேன். கூட்டாளி வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சான், பொறகு மெதுவா, "அத இங்கயே வச்சிட்டுப் போ மச்சான், அலுமாரியில பூட்டி வைக்கிறேன்"னான்.

"பூட்டுறதுக்கா செஞ்சேன்? சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டு போவேன், திங்கக்கிழமை அதே பஸ்ஸுல, இதே மாதிரி மடியில வச்சுக் கொண்டு வருவேன். பையில போடமாட்டேன்."

அவன் அலுமாரிச் சாவியத் திருப்பி ஆணியில மாட்டினான்.

"அப்ப நானும் வாறன், என்ட மடியில வச்சிக்கிறன், ஒன்ட மூஞ்சியப் பாத்தாத்தான்டா அவனுகளுக்குச் சந்தேகம் வருது."