வெந்நீரில் பீச் வாசனை

இந்த ஊரில் காலிக் கோப்பையை முகர்ந்து பார்க்கிறார்கள். தேநீரை முதலில் ஒல்லியாக, உயரமாக இருக்கும் ஒரு கோப்பையில் ஊற்றுகிறார்கள். பிறகு அதைக் குடிக்கிற கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, அந்த வெறும் கோப்பையை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். தைவானுக்கு வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டீயை விட்டுவிட்டு டம்ளரை மோந்து பார்க்கிற ஜனங்களா என்று நினைத்தேன். இன்று எனக்குச் சோறு போடுவதே அதுதான். மலையடிவாரத்தில் ஒரு தேயிலைக் கம்பெனியில், பழ வாசனை ஏற்றிய ஊலாங் தேயிலையைச் சுவைத்துத் தரம் சொல்வது என் வேலை. பச்சைத் தேயிலைக்கும் நம் வீட்டுக் கறுப்புத் தேயிலைக்கும் நடுவில் நிற்பது ஊலாங். அதற்கு பீச் பழ வாசனை ஏற்றும்போது கொஞ்சம் தூக்கலாகிவிட்டால் சோப்புத் தண்ணீர் குடித்த மாதிரி ஆகிவிடும். அதனால் எங்களுக்குத் தலையில் தேங்காயெண்ணெய் கூடாது, முகத்தில் பவுடர் கூடாது, காலையில் பூண்டு கூடாது. மல்லிகைப்பூவைப் பற்றிப் பேச்சே எடுக்க வேண்டாம்.

எங்கள் மேற்பார்வையாளர் லின் அம்மாள் ஒருநாள் கேட்டார், உன் மூக்கு எப்படி இவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்று. நான் எண்ணூரில் வளர்ந்தவள், கடலோர ஊர், அங்கே காற்றை மோந்து பார்த்துத்தான் வாழ வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கடற்கரையா? கொடுத்து வைத்தவள். எவ்வளவு சுத்தமான காற்று!" என்றார். என்னுடைய சீன மொழி இலைக்கும் பழத்துக்கும் போதும்; அமோனியாவுக்குப் போதாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

எங்கள் தெருவில் காற்றுக்கு நேரம் காலம் கிடையாது. மேற்கே அனல்மின் நிலையச் சாம்பல், வடக்கே எண்ணெய், கிழக்கே மட்டும் கடல். எப்போதாவது உரத் தொழிற்சாலைக் குழாய் எதிலிருந்தாவது அமோனியா கசியும். சைரன் ஊதுவார்கள் என்று காத்திருந்தால் அவ்வளவுதான். எங்களுக்குச் சைரன் என் அம்மாதான். மற்றவர்கள் என்ன வாடை என்று யோசிப்பதற்குள் அவள் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டியிருப்பாள். தட்டில் கரண்டியால் அடித்துக்கொண்டே வீடு வீடாகப் போவாள். "ஏந்திரிங்கடீ, காத்து வந்துட்ச்சு! கொயந்தைங்கள தூக்கு!" ஓடவும் ஒரு முறை உண்டு. காற்றோடு ஓடக் கூடாது, எதிர்த்தும் ஓடக் கூடாது, குறுக்கே நடக்க வேண்டும். படகில் கட்டிய துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து அவள் கை காட்டுவாள், தெருவே பின்னால் போகும். மீன் விற்கிற பொம்பளை, கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் அவள் வார்த்தைக்கு எங்கள் தெருவில் கவுன்சிலர் வார்த்தைக்கு இல்லாத மரியாதை இருந்தது. அந்த மூக்குதான் எனக்கும் வந்தது என்று எனக்குப் பெருமையோ பெருமை.

போன வருஷம் லீவில் போனபோது பீச் ஊலாங் கொண்டுபோனேன். பால் ஊற்றிக் கொதிக்கவிடாதே, நான் போட்டுத் தருகிறேன் என்று அம்மாவை உட்காரவைத்தேன். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி அக்காவும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். இதில் பழ வாசனை வரும், கோப்பையை மோந்து பார்க்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவைத்தேன். தேநீர் போடுவதற்கு முன்னால் கோப்பையைச் சூடாக்க வெறும் வெந்நீர் ஊற்றிக் கொட்டுவது தைவான் பழக்கம். அப்படிக் கொட்டி வைத்த கோப்பையை அம்மா சட்டென்று எடுத்து மூக்கில் வைத்தாள்.

"யப்பா, இன்னா வாசனை! நல்லா பழுத்த பழம் கணக்கா கீதுடீ."

பாக்கெட்டை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.

கஸ்தூரி அக்கா எதையும் கவனிக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் குழம்பு அடிப்பிடித்தது நினைவுக்கு வந்தது. வாங்குகிற ஒவ்வொரு மீனின் செவுளையும் அவள் தூக்கித் தூக்கிப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. முன்பெல்லாம் கூடையருகே குனிந்தாலே போதும் அவளுக்கு. அக்கா போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"எப்போலேர்ந்தும்மா?"

"கொரோனா வந்தப்போ போச்சு. திரும்பி வரும்னு பாத்தேன். வர்ல."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்லி? கண்ணு எரிஞ்சா எனக்குத் தெரியும்."

"கண்ணு எரியறதுக்குள்ள பாதித் தெரு செத்துடும்மா! உன்னை நம்பித்தானே எல்லாரும் தூங்கறாங்க?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லாதடீ கண்ணு. அது ஒண்ணுதான் என்கிட்ட கீது. அதுவும் இல்லன்னா நான் யாரு இந்தத் தெருவுல?"

ஆனால் நான் போய்ச் சொன்னேன். கஸ்தூரி அக்காவிடம், கோடி வீட்டுக்காரர்களிடம், குழாயடியில் நின்றவர்களிடம், எல்லாரிடமும் சொன்னேன். இன்று கேட்டாலும் சொல்லத்தான் செய்வேன். "என் மானத்த வாங்கிட்டியேடீ" என்றாள் அம்மா. நான் விமான நிலையத்துக்குக் கிளம்பியபோது அவள் வாசலுக்கு வரவில்லை.

பல மாதம் அவள் என் போனை எடுக்கவில்லை. ஒரு காலை அவளே கூப்பிட்டாள். எனக்கு முன்னால் கோப்பைகள் வரிசையாக இருந்தன.

"இன்னிக்கு காத்து வந்துச்சு. கஸ்தூரிதான் கதவ இடிச்சா. அல்லாரும் மூக்கப் பொத்திகினு ஓடறாங்க. எனக்கு ஒண்ணுமே தெர்லடீ. நல்ல காத்து கணக்கா நிக்கிறேன். என்னைக் கையப் புடிச்சு இஸ்துகினு போனாங்க."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"கீறாங்க. கோடி வூட்டுக் கொயந்தைய மட்டும் ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க."

"நீ இங்க வந்துடும்மா."

"அங்க வந்து? காலி டம்ளர மோந்துகினு குந்தச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, "அந்தப் பழ டீ தீந்துபோச்சு. இன்னும் அனுப்பு" என்றாள். பிடித்திருக்கிறதா என்று சந்தோஷமாகக் கேட்டுத் தொலைத்தேன். "புடிக்கிறது இன்னா? தெனம் காலைல போட்டு மோந்து பாக்கறேன். என்னிக்காச்சும் வரும்ல?"

அந்தக் குழந்தை பிழைத்து வீடு வந்துவிட்டது. இருமல் மட்டும் போகவில்லை. நான் பீச் ஊலாங் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். இருப்பதிலேயே வாசனை தூக்கலானது, இங்கே கழித்துக்கட்டுகிற சோப்புத் தண்ணீர் ரகம், அதைத்தான் கேட்டு வாங்கி அனுப்புகிறேன். தினமும் காலையில் காலிக் கோப்பையை மூக்கில் வைக்கும்போது, வாசனை வருகிறதா என்று லின் அம்மாள் கேட்கிறார். வருகிறது என்கிறேன். இடைவேளையில் வெளியே வந்து எண்ணூருக்குப் போன் போட்டு, அதையே நான் கேட்கிறேன்.

"இன்னிக்கும் இல்லடீ" என்கிறாள் அம்மா. "தண்ணி சூடா கீது. அவ்ளோதான்."