தலைகீழ்க் குடைத் துணி

பஸ் டிப்போ கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு, மில்லிமீட்டர் டெய்லர் அரை மீட்டர் வெள்ளைத் துணிக்கான காசு கடன்பட்டிருந்தார். கைநீட்டி வாங்கிய கடன் இல்லை. அதனால் கொடுத்தவளுக்கே அது கடன் என்று ஏழு வருடமாகத் தெரியாது. பட்டவருக்குத் தெரியும். ஆனால் அவர் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்.

மில்லிமீட்டர் என்பது ஊர் சூட்டிய பட்டம். "ஒரு மில்லிமீட்டர் பிசகினா கடையை இழுத்து மூடிட்டுப் போயிடறேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவராகத் தேடிக்கொண்டது. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மீசை முளைக்கும் முன்பே இன்னொருத்தர் கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க உட்கார்ந்தவர். சும்மா சொல்லக் கூடாது, கழுத்து வளைவு வெட்டுவதில் அவரை அடிக்க அந்த வட்டாரத்தில் ஆளில்லை. தெருவில் நடந்து வருகிறவனைப் பார்த்தே தோள் அளவைச் சொல்லிவிடுவார். டேப் வைத்து அளப்பதெல்லாம் வந்தவர் திருப்திக்கு. மூன்று மெஷின், ஓரம் அடிக்க ஒரு ஓவர்லாக், கண்ணாடிக் கதவு போட்ட கடை, மகளின் நர்சிங் படிப்பு எல்லாம் அந்த ஒரு கத்தரி சம்பாதித்தது. படித்தவர்கள் பேனாவால் சம்பாதித்ததைவிட இது ஒன்றும் குறைச்சல் இல்லை.

குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். நல்ல துணியைக் கண்டால் விடமாட்டார்.

தையல் கடை என்றால் கட்டிங் மிச்சம் இருக்கும். அக்குளில் விழும் பிறை, கழுத்தில் விழும் வட்டம், ஓரத்தில் விழும் நாடா. அது டெய்லருக்குத்தான் என்பது உலகத்துக்கே பொதுவான வழக்கு. கேட்டால் கேட்டவனைத்தான் கஞ்சன் என்பார்கள். அந்த மிச்சத்தையெல்லாம் அவர் ஒரு சாக்கில் போட்டு, தலையணை தைக்கிறவனுக்கு எடை போட்டு விற்றுவிடுவார். அதில் ஒரு தப்பும் இல்லை.

ஆனால் கட்டிங் மேஜைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதில் இருந்தவை பிறையும் இல்லை, நாடாவும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் அகலமான சதுரம். மிச்சம் என்பது தானாக அப்படிச் சதுரமாக விழாது. துணியை மேஜையில் விரிக்கும்போதே எங்கே சட்டை, எங்கே தன் பங்கு என்று அவர் மனசு கோடு போட்டுவிடும். பல் டாக்டர் வீட்டுத் திரைச்சீலையின் இலைப்பச்சை, பாட்டு டீச்சரின் ஊதாப்பூ, வங்கி மேனேஜரின் சட்டைக்கோடு. விற்கமாட்டார், யாருக்கும் கொடுக்கமாட்டார். மழை பெய்து கடை காலியாக இருக்கும் மத்தியானங்களில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மடியில் விரித்துப் பார்ப்பார். இதற்கும் அவர் வைத்திருந்த பெயர் கட்டிங் மிச்சம்தான்.

மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். "அப்பா, பாப்பாவுக்கு ஒட்டுத்துணியில ஒரு போர்வை தைச்சுக் குடுங்க" என்று கேட்டுவிட்டு, போனில் படங்களைக் காட்டினாள். நட்சத்திரம், காற்றாடி, பூ விரிந்த மாதிரி ஒன்று. எல்லாம் பொடிப்பொடி முக்கோணங்கள். அந்த இடத்தில்தான் தகரப் பெட்டிக்கு வேளை வந்தது என்று அவருக்குத் தோன்றியது.

முதலில் நட்சத்திரத்தைத்தான் முயன்றார். பழைய காகிதத்தில் முக்கோணம் வெட்டி, துணியின்மேல் வைத்துப் பார்த்தார். இலைப்பச்சையில் இலை பாதியாகப் போனது. ஊதாப்பூவில் பூ போய் காம்பு மிஞ்சியது.

அவர் மனைவி பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"அதான் நானும் பாக்கறேன். டிசைன் தெரியுது, துணி தெரியல."

"பின்னே?"

"சதுரம். வெறும் சதுரம். நடுவுல ரெண்டு விரல் வெள்ளைப் பட்டி. ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கும். அழகான பொண்ணுக்கு எதுக்கு அத்தனை நகை?"

மனைவி ஊசியை நிறுத்தினாள். "இவ்வளவு பெருசா வச்சா ஆளாளுக்கு அடையாளம் தெரியாதா?"

"தெரிஞ்சா என்ன? அந்தச் சட்டையெல்லாம் கிழிஞ்சு கரித்துணியா போயிருக்கும். எவன் ஞாபகம் வச்சிருக்கான்?"

"எதுக்கும் யோசிச்சுக்கோங்க. இந்தத் தெருவுல நம்ம கிட்ட இருக்கிற ஒரே சொத்து உங்க பேருதான்."

"என் பேரு மில்லிமீட்டர்டி. எவனும் அசைக்க முடியாது."

அவள் அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டாள். மேலே பேசினால் கேட்கிற ஆளா அவர்.

ஸ்டூலில் ஏறி நின்று, கண்ணைச் சுருக்கி, கறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள், பூவுக்குப் பக்கத்தில் கோடு என்று தரையில் மாற்றி மாற்றி அடுக்கினார். புதிதாக வெள்ளைக் காட்டன் வாங்கிப் பட்டி வெட்டினார். ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டுப் பிரித்துப் படிய வைத்தார். மெல்லிய பஞ்சு, அடியில் பழைய படுக்கை விரிப்பு. மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தால் ஒரு இழை பிசகவில்லை. நட்ட நடுவில் தனக்கு மிகப் பிடித்த துண்டை வைத்தார். வான நீலத்தில் சின்னச் சின்னச் சிவப்புக் குடைகள். மில்லில் அச்சு புரண்டதில் ஒரு வரிசைக் குடை மட்டும் தலைகீழாக, கைப்பிடி மேலே பார்க்க நின்றது. அவர் வாழ்நாளில் அப்படியொரு துணியைப் பார்த்ததில்லை.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் போர்வையை அறைக்கட்டிலில் விரித்து, அதன்மேல் குழந்தையைக் கிடத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் குழந்தையை ஒரு தரம் பார்த்தால் போர்வையை இரண்டு தரம் பார்த்தார்கள். டெய்லருக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. ஆள் வருகிறார்கள் என்று தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கதவோரம் நின்றுகொள்வார்.

"எங்கண்ணே புடிச்சீங்க இத்தனை துணியும்?" என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாள்.

"இருபது வருஷ சேகரிப்பு. ஒவ்வொண்ணும் நான் கடை கடையா ஏறி, பாத்துப் பாத்துக் காசு குடுத்து வாங்கினது."

கேட்ட கேள்விக்கு அவ்வளவு பதில் தேவையே இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா.

அந்த வாய்ச்சொல் அடங்குவதற்குள் கேன்டீன் அம்மாள் உள்ளே வந்தாள். பின்வீதிக்காரி. கூட அவள் மகள், பதின்மூன்று வயதுப் பெண். அம்மாள் குழந்தையின் பாதத்தைத் தொட்டு, "அம்மா ஜாடை" என்றாள். பெண் குழந்தையைப் பார்க்கவில்லை. குனிந்து போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தலைகீழ்க் குடை" என்றாள்.

"எதுடி?"

"என் கவுன் துணி. நான் ஒண்ணாவது படிக்கிறப்போ ஆண்டு விழாவுக்குத் தைச்சது. இந்தக் குடை முன்னால வரணும்னு நான் மாமா கிட்ட சொன்னேன்ல? வெட்டுல போயிடுச்சு பாப்பான்னாரு." பிறகு டெய்லரை நிமிர்ந்து பார்த்தாள். அதட்டலோ கேலியோ இல்லை, கணக்கு தப்பாக வந்த பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற பார்வை. "போகலையே மாமா."

டெய்லருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. ஞாபகம் வருவதற்கு அவர் அதை மறந்திருக்கவே இல்லை. அச்சுப் பிசகியதால் மலிவாகக் கிடைத்த துணியை இந்த அம்மாள் கொண்டுவந்தாள். கவுனுக்குச் சரியாக இருந்தது. அவர் அந்த வரிசையைச் சதுரமாக எடுத்துக்கொண்டு, "துணி பத்தலைம்மா, கைக்கும் காலருக்கும் அரை மீட்டர் வெள்ளை வாங்கிட்டு வா" என்றார். அவளும் வாங்கி வந்தாள்.

"சும்மா இருடி" என்றாள் கேன்டீன் அம்மாள் மகளிடம். "மில்லுல ஆயிரம் மீட்டர் ஓடுது. ஒரே மாதிரி எத்தனையோ இருக்கும். அண்ணன்தான் காசு குடுத்து வாங்கினேங்கறாரே."

திட்டியிருந்தால் அவரும் திருப்பித் திட்டியிருப்பார். அவளோ அவரைக் காப்பாற்றிவிட்டு, கொண்டுவந்த சோப்பையும் பவுடரையும் கட்டில் ஓரத்தில் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டம்மாவுக்கும் உடனே வீட்டில் ஏதோ வேலை இருந்தது.

டெய்லரின் மகள் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, இதுல எது நம்மளுது?"

அவர் பார்த்தார். இலைப்பச்சை, ஊதாப்பூ, கோடு, குடை. விரலை நீட்டிப் பட்டியைக் காட்டினார். வெள்ளைப் பட்டி மட்டும்.

அவள் போர்வையை மடித்து நாற்காலியில் வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள்.

அதற்கப்புறம் அந்த மனிதர் பட்டபாடு சொல்லி மாளாது. கடையில் துணி கொண்டுவந்து போட்டவர் யாராவது ஒரு நிமிஷம் நின்றால் தன் கையைத்தான் பார்க்கிறார் என்று பட்டது. பல் டாக்டர் தெருவில் சிரித்தால் எதிர்ப்பக்கம் பார்த்தார். "சட்டைக்கு ரெண்டே கால் மீட்டர் போதுமா டெய்லர்?" என்று ஒருத்தன் சாதாரணமாகக் கேட்டதற்கு, "நான் என்ன திருடனா?" என்று சீறிவிட்டார். கேட்டவன் முழித்தான். மனைவி ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "உங்களை யாருமே அப்படிச் சொல்லலையே" என்றாள். அது இன்னும் சுட்டது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். காசு, கடன் என்ற பேச்சே இல்லாமல், பெரிய மனுஷன் மாதிரி தீர்த்துவிடும் வழி. சாயங்காலம் நல்ல சட்டை போட்டுக்கொண்டு டிப்போ கேன்டீனுக்குப் போனார். பின்கட்டில் குழாயடியில் கேன்டீன் அம்மாள் சோப்பு நுரைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கூட இரண்டு பெண்கள் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மகள் உள்ளே கடைசி மேஜையில் பள்ளிக்கூடப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"உன் பொண்ணுக்கு ஒரு கவுன் தைச்சுத் தரலாம்னு வந்தேன்" என்றார் தாழ்ந்த குரலில். "நல்ல துணியா நானே போடறேன். கூலி வேணாம்."

"எதுக்கு?" அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"சும்மாதான். வளர்ற பொண்ணு."

"சும்மா குடுக்கிறதை நாங்க வாங்கறதில்லை டெய்லரே."

அண்ணன் போய் டெய்லர் ஆகிவிட்டார். தட்டு அடுக்குகிற சத்தம் நின்றது.

"அன்னைக்கு உங்க வீட்ல ஏன் மறைச்சேன் தெரியுமா?" என்றாள். "உங்க பொண்ணு பெத்த உடம்போட உக்காந்திருந்தா. அவளுக்காக. உங்களுக்காக இல்ல. அந்த அரை மீட்டருக்கு என் கிட்டக் காசில்லாம இவ கிட்டதான் கைமாத்து வாங்கினேன்." பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். "வெள்ளைக் கையும் நீல உடம்புமா போட்டுக்கிட்டுப் போனதுக்கு, சாயம் போன பொம்மைன்னு பள்ளிக்கூடத்துல கூப்பிட்டாங்களாம் எம் பொண்ணை. கவுன் வேணாம். அரை மீட்டர் காசு குடுங்க."

டெய்லர் அவசரமாகப் பையிலிருந்து ஒரு பெரிய நோட்டை எடுத்தார்.

"என் கிட்டச் சில்லறை இல்ல."

"வச்சுக்கோயேன். இன்னைக்கு விலை என்னவோ."

"அன்னைக்கு விலை, உங்களுக்கே தெரியும். அதுக்கு மேல ஒரு காசு வேணாம். மேல குடுத்தா நீங்க தர்மம் பண்ணின மாதிரி ஆயிடும்."

அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் முன்பக்கம் கல்லாவுக்குப் போக வேண்டியிருந்தது. கல்லாக்காரன் அவரிடம்தான் சட்டை தைக்கிறவன். "என்ன மில்லிமீட்டர், நம்ம கேன்டீன்ல உங்களுக்கு என்ன சில்லறை வேலை?" என்று சிரித்தான். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்ன பொய்யின் கசப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

"ஒருத்தர் துணியை எடுத்துக்கிட்டேன். அந்தக் காசைத் திருப்பிக் குடுக்கறேன்" என்றார்.

கல்லாக்காரன் சிரிப்பை என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டை வாங்கிச் சில்லறையை எண்ணித் தள்ளினான்.

திரும்பி வந்தபோது கேன்டீன் அம்மாள் கையில் முழங்கை வரை நுரை. "என் கை ஈரம். அவ கிட்டக் குடுங்க. போட்டுக்கிட்டுப் போனது அவதானே" என்றாள்.

டெய்லர் கடைசி மேஜைக்குப் போனார். இத்தனை வருடம் எத்தனையோ பேர் முன்னால் குனிந்து கால் அளவு எடுத்தவர்தான். இன்று ஒரு சின்னப் பெண்ணின் முன்னால் குனிய முதுகு வரவில்லை. எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அது வெட்டுல போகலை பாப்பா. நான்தான் எடுத்துக்கிட்டேன். துணி உனக்குப் பத்தியிருக்கும்."

பெண் பேனாவை மூடி வைத்தாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. வலது கையை மேஜையின்மேல் மல்லாத்தி நீட்டினாள். விரல்களில் மை. அவர் முதல் நோட்டை வைத்தார், இரண்டாவதை அதன்மேல் வைத்தார். பிறகு, பின்கட்டில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி வாய்விட்டு எண்ணி, காசுகளை ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தார்.