மூன்றாவது கம்பி

மைசூரில் எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது நிற்கும் அடுக்ககத்தின் கேட்டுக்கு இன்று காலை யாரோ கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்கள். துருவும் கிரீஸும் கலந்த அந்த வாசனை எங்கள் மொட்டை மாடிக்கு உரியது. அங்கே, அப்பா தொலைதூரத்து ஆட்களோடு பேசும் ஹாம் ரேடியோவின் டவர் நின்றது. அதை மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்திருந்த ஸ்டே கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டி, மூன்றும் கிண்ணென்று ஒலித்த பிறகே அவர் ஏறக் கால் வைப்பார்.

ஆயுத பூஜைக்கு வீட்டு இரும்பையெல்லாம் தேய்த்துத் துடைப்பது என் வேலை. ஒரு வருடம், மூன்றாவது கம்பியை இறுக்கும் திருகின் மரையில் படிந்த துருவையும் எடுக்க நினைத்து, அதைப் பாதி கழற்றி அப்படியே விட்டுவிட்டேன். உச்சியில் மாலை கட்ட வந்த அப்பா சுண்டியபோது அந்தக் கம்பி ஒலிக்கவில்லை. ஏறியிருந்தால் டவரோடு சாய்ந்திருப்பார்.

"யாரு இதத் திருகினது?"

"நாந்தாங்க. பூஜைக்குத் துரு தேய்ச்சேன்," என்றாள் அம்மா.

அப்பா திருகை இறுக்கி, இனி யாரும் சுழற்ற முடியாதபடி அதன் நடுவே ஒரு கம்பியைக் கோத்து முறுக்கினார். அவர் நிமிர்வதற்குள் அம்மா என்னைக் கீழே கூட்டிப்போய், என் உள்ளங்கைத் துருவைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.