ரெஜினா அக்காவின் பெடல் மேசை

பழைய வாத்தியங்களுக்கு விலை சொல்லிப் பிழைப்பவனுக்கு முதலில் வேண்டியது காது அல்ல, தெரியாததைத் தெரிந்ததுபோல் பார்க்கிற முகம். வேலணையில் பழைய ஆர்மோனியம், வயலின், மிருதங்கம் என்று வாங்கி விற்கும் எனக்கு அந்த முகம் நன்றாகவே வாய்த்திருக்கிறது. "இது என்ன விலை போகும்?" என்ற கேள்விக்கு என்னைப்போல் முழிக்கும் அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊசியில்லாத மெசின்

ஊர்காவற்துறையிலிருந்து ரெஜினா அக்காவும் அவருடைய கணவர் அந்தோனி அண்ணையும் ஓட்டோவில் ஒரு சாமானைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அக்காவின் தம்பி யூட் கனடாவில் தனியாக இருந்து காலமானவர். அவருடைய உடைமைகள் கப்பலில் வந்தபோது இதுவும் வந்ததாம். நீளமான பலகை, நான்கு இரும்புக் கால், மேலே பத்து நரம்பு, கீழே மூன்று பெடல், முழங்கால் இடிபடுகிற இடத்தில் தொங்கும் சில கம்பிகள்.

அந்தோனி அண்ணையின் படகு இஞ்சின் பழுதாகி, அவர் அடுத்தவர் படகில் கூலிக்கு மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். இது நல்ல விலைக்குப் போனால் இஞ்சின் வாங்கலாம் என்பது அவர் எண்ணம். அக்காவுக்கு விற்க மனமில்லை. ஆனால் தம்பி இதை வைத்து என்ன செய்தான் என்பதே தெரியாதபோது எதைச் சொல்லி மறுப்பது? நான் என் முகத்தை வைத்துக்கொண்டு, "வெளிநாட்டுச் சாமான்" என்றேன். என்மேல் இரக்கப்பட்டு அந்தோனி அண்ணை விளக்கினார்: "தம்பி, இது தையல் மெசின். பெடல் கிடக்கு, ஊசியைத்தான் காணேல்லை."

இரும்புக்காரர்

மறுநாள் பழைய இரும்பு வாங்குகிறவர் கடைக்கு வந்தார். சாமானைச் சுற்றி வந்தார், தட்டினார், ஒரு பெடலை மிதித்தும் பார்த்தார். கண்ணில் ஆசை தெரிந்தது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இது அபூர்வமான வாத்தியம்" என்றேன். பெயர் தெரியாத எல்லாவற்றையும் நான் அபூர்வம் என்றுதான் சொல்வேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேட்டார்: "அபூர்வமெண்டால் அபூர்வம்தான் அண்ணை. பலகையைக் கழட்டினால் எத்தினை கிலோ தேறும்?"

மேசைக்குக் கீழே

கௌரவத்தை விட்டு, ரொறொன்ரோவில் இருக்கும் என் மருமகனுக்குப் படம் அனுப்பினேன். அவன் ஒரு நிமிடத்தில் பெயரைச் சொன்னான்: பெடல் ஸ்டீல் கிற்றார். மடியில் வைக்காமல் முன்னால் நிறுத்தி வாசிப்பது. பெடலை மிதித்தால் கீழேயுள்ள கம்பிகள் நரம்பை இழுக்கும், சுருதி வழுக்கிக்கொண்டு ஏறும். விலை சொல்ல வேண்டுமென்றால் கீழ்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டுமாம்: கம்பி வளைந்திருக்கிறதா, இணைப்பு ஏதாவது கழன்றிருக்கிறதா, இலக்கம் எங்காவது அடித்திருக்கிறதா.

ஆகவே நான் சாக்கை விரித்து அதன் கீழே மல்லாந்து படுத்து ரோர்ச் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வயலின் நரம்பு வாங்க வந்த சங்கீத ரீச்சருக்கு என் கால் இரண்டும் மட்டும் தெரிந்திருக்கின்றன. அவர் என் காலைப் பார்த்துக் கேட்டார்: "என்ன அண்ணை, வாகனமும் திருத்தத் தொடங்கிட்டியளோ?"

தங்கூசி

எல்லாம் சரி, சத்தம்தான் வரவில்லை. அம்ப்ளிஃபையரில் பூட்டினேன், ஊமை. வயரை மாற்றினேன், அப்போதும் ஊமை. சத்தம் போடாத வாத்தியத்துக்கு இரும்புக்காரர் விலைதான் சரி என்று எனக்கே தோன்றிவிட்டது. மருமகன் நரம்பைக் கிட்டவாகப் படம் எடுக்கச் சொன்னான். பார்த்ததும் சிரிக்கத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. பத்தும் தங்கூசி! தூண்டிலுக்குக் கட்டுகிற அதே நைலோன். நரம்புக்குக் கீழே இருக்கும் காந்தத்துக்கு இரும்பைத்தான் தெரியும், நைலோன் ஆடினால் அது திரும்பியும் பார்க்காது.

அந்தோனி அண்ணையைக் கூப்பிட்டுக் கேட்டேன். பழைய கம்பி துருவேறிக் கறள் பிடித்துக் கிடந்ததால், கடைக்குக் கொண்டுவர முதல் தன் கையாலேயே மாற்றியதாகப் பெருமையோடு சொன்னார். அவர் போட்ட முடிச்சை அவிழ்க்க ஏலாமல் நான் கத்தியைத் தேடியபோது, அவருக்குக் கோபமே வந்துவிட்டது: "என்ன தம்பி வெட்டுறீர்? இது கடலுக்கை கிடந்தாலும் ஒண்டும் செய்யாத நரம்பு!"

இஞ்சி

யாழ்ப்பாணம் போய்க் கம்பி நரம்பு வாங்கி வந்து பூட்டினேன். மருமகன் அடுத்த குண்டைப் போட்டான். நரம்பின்மேல் வைத்து இழுக்க ஒரு உருக்குத் துண்டு வேண்டுமாம். விரல் நீளம், உருண்டை, ஒரு முனை மழுங்கல். எல்லாம் சரியாக இருந்தால் என்ன போகும் என்று ஒரு விலையும் சொன்னான்; அந்தோனி அண்ணைக்கு இஞ்சின் நிச்சயம். ரெஜினா அக்காவுக்கு போனில் அடையாளம் சொன்னேன். மறுமுனையில் குசினிச் சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது: "அது என்னட்டைத்தான் கிடக்கு. ஆனால் தம்பி, இஞ்சி இடிக்க அதைமாதிரிச் சாமான் இல்லை!"

ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்

அக்கா அதைக் கழுவி எடுத்துக்கொண்டு அந்தோனி அண்ணையோடு ஓட்டோவில் வந்தார். இஞ்சி மணம் போகவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு நரம்பைத் தட்டி, உருக்கை மெல்ல இழுத்து, பெடலை மிதித்தேன். அழுகையா பாட்டா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் நீளமாக எழும்பி வளைந்தது. அக்கா அப்படியே பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். இன்னொருக்கா இழுக்கச் சொன்னார். இழுத்தேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை கனடாவிலையிருந்து அவன் கோல் எடுக்கேக்கை பின்னாலை இதுதான் கேக்கும். நான் லைன் பிழை எண்டு நினைச்சன். இரையுது, வையடா எண்டு சொல்லிச் சொல்லி நான்தான் போனை வைச்சனான்."

நான் அம்ப்ளிஃபையரை நிறுத்தினேன். மருமகன் சொன்ன விலையை நான் இன்னும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. அந்தோனி அண்ணையைப் பார்த்தேன். இஞ்சின் அவருக்கு எவ்வளவு அவசியம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், சாரத்தை மடித்துக் கட்டினார், குனிந்து பலகையின் ஒரு முனையைத் தூக்கினார். "விலை ஒண்டும் சொல்லாதையும் தம்பி. மற்றப் பக்கத்தைப் பிடியும், ஓட்டோவிலை ஏத்துவம்."

ஆக, என் தொழிலில் நான் சரியாக மதிப்பிட்ட ஒரே சாமானுக்குக் கிடைத்த கூலி அந்தோனி அண்ணை தந்த ஒரு பை பாரைக் கருவாடு, செலவு ரெஜினா அக்காவுக்கு இஞ்சி இடிக்க நான் வாங்கிக் கொடுத்த உரலும் உலக்கையும்.