யாரும் கேட்காத ஓசி

எங்கள் தெருவின் கம்ப்யூட்டர் டாக்டர், உதட்டில் மூன்று திருகாணிகளைக் கவ்விக்கொண்டே கணினியின் முதுகைத் திறக்கிறார். அவருக்குப் பேச்சு வருவதும் அப்போதுதான். "விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுத் தரேன். ஓசிதான். வைரஸ் தொல்லையும் கம்மி." வந்தவர் முகம் சுருங்கும். ஓசி என்றாலே சொத்தையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற உலகம் இது.

"விண்டோஸே போடுங்களேன்."

"அதுக்குக் காசு கட்டணும்."

"எதிர்க்கடையில சும்மாவே போடறாங்களே."

டாக்டருக்கு இந்த உரையாடல் மனப்பாடம். "அதுவும் ஓசி, இதுவும் ஓசி. திருட்டு ஓசிக்குத்தான் மவுசு" என்று என்னிடம் புலம்புவார். புதுக் கணினி வாங்குகிறவர்கள் இந்தப் பேச்சுக்கே வருவதில்லை. "அதுல கம்பெனிக்காரங்களே விண்டோஸ உள்ள வெச்சு, விலையையும் சேத்து வாங்கிடறாங்க. கூடவே வந்தத எவன் கழட்டுவான்?"

இவரும் பெரிய யோக்கியர் இல்லை. பத்து வருஷம் திருட்டு விண்டோஸைத்தான் ஊருக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்தார். அதில் ஒன்றோடு ஒட்டி வந்த வைரஸ், இரண்டு வீடு தள்ளி மனுக்கள் தட்டச்சு செய்து பிழைக்கும் அக்காவின் நாலு வருஷக் கோப்புகளைத் தின்றுவிட்டது. அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. "திட்டியிருந்தா தேவலை" என்றார் இவர். மறுநாளே திருட்டு சி.டி.க்களை உடைத்துப் போட்டுவிட்டு, அக்காவுக்கு லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து கடையில் ஈ ஓட்டுகிறார். வீட்டில் அடுப்பு எரிவது மனைவியின் தையல் மெஷினால். "ஊரோட ஒத்துப் போங்களேன்" என்கிறார் அந்த அம்மாள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அக்கா ஒருத்தங்க இருக்காங்கல்ல, அவங்களப் பாத்து நாலு பேர் வருவாங்க" என்பதே இவருடைய பதில்.

போன வாரம் நான் இருக்கும்போதே அந்த அக்கா கணினிப் பெட்டியை இடுப்பில் ஏந்தியபடி வந்தார்.

"தம்பி, இது நல்லாத்தான் ஓடுது. ஆனா நான் அனுப்பற மனுவ ஆபீஸ் விண்டோஸ்ல தெறந்தா வரியெல்லாம் கலைஞ்சு போகுதாம். திருப்பி அனுப்பறாங்க. எதிர்க்கடையில மாத்திக்கறேன். உங்ககிட்ட சொல்லாம போக மனசு வரல."

டாக்டர் கோப்புகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து அக்காவிடம் நீட்டினார். "இத மட்டும் அங்க குடுக்காதீங்கக்கா. வீட்லயே இருக்கட்டும்."

பிறகு, "கனமா இருக்கு, விடுங்க" என்று பெட்டியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்க்கடைப் படியேறினார்.